ஒருக்களித்துப் படுப்பவருக்கு எந்த மெத்தை? முதுகுவலிக்காரர்களுக்கு ஒரு பாடம்

நிலத்துக்கு மூடாக்கு எத்தனை அங்குலம் போடணும், எதைப் போடணும் என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். நம்ம உடம்பு தினமும் ஆறேழு மணி நேரம் கிடக்கிற படுக்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாற்று நட்டு, களை எடுத்து, 16 லிட்டர் தெளிப்பானை முதுகில் சுமந்து பஞ்சகவ்யம் அடித்துவிட்டு வந்து படுக்கிற உடம்பு அது. காலையில் எழும்போது "இடுப்பு பிடிச்சுக்கிச்சு, நிமிர முடியல" என்றால் பகல் வேலையை மட்டுமே குறை சொல்கிறோம். ராத்திரி எதன்மேல், எப்படிப் படுத்தோம் என்பதையும் பார்க்க வேண்டாமா?

வலி வந்ததும் நமக்கு இரண்டு யோசனைகள் கிடைக்கும். ஊர்ப் பெரியவங்க, "மெத்தையெல்லாம் தூக்கிப் போடு, கட்டாந்தரையில படு, சரியாப் போயிடும்" என்பார்கள். டவுன் கடைக்காரர், "ஆர்த்தோ மெத்தை வாங்குங்க, மாசத் தவணை இருக்கு" என்பார். முதல் யோசனைக்குக் காசு செலவில்லை. இரண்டாவது யோசனை ஒரு போகத்தில் மிஞ்சினதைக் கொண்டுபோய்விடும். ஆனால் ஒருக்களித்துப் படுக்கிற பழக்கம் உள்ளவருக்கு இரண்டுமே பொருந்தாமல் போகலாம்.

இந்தப் பாடத்தில் சொல்ல வருவது ஒரே விசயம். படுத்திருக்கும்போது முதுகெலும்பு நேர்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்க. அதுதான் அளவுகோல். மெத்தையின் பேரு, விலை, விளம்பரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அளவுகோல் கையில் இருந்தால், நம்ம வட்டாரத்து இலவம்பஞ்சையும் தென்னை நாரையும் வைத்தே நல்ல படுக்கை செய்துகொள்ளலாம்.

ஒருக்களித்துப் படுக்கும்போது என்ன நடக்கிறது?

மல்லாந்து படுத்தால் உடம்பின் பாரம் முதுகு, பிட்டம், தொடை என்று அகலமாகப் பரவிவிடும். ஒருக்களித்துப் படுத்தால் அப்படி இல்லை. பாரத்தின் பெரும்பகுதி இரண்டே இடத்தில் இறங்கும். ஒன்று தோள்பட்டை, இன்னொன்று இடுப்பெலும்பு துருத்தி நிற்கும் இடம். இந்த இரண்டு மேட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பெண்கள் குடம் வைத்துக்கொள்ளும் இடம். இந்தப் பாடத்தில் அதை 'இடுப்புக் குழி' என்று சொல்வோம்.

நல்ல படுக்கை மூன்று வேலை செய்ய வேண்டும். தோள் இறங்க இடம் கொடுக்க வேண்டும். இடுப்பெலும்பு இறங்க இடம் கொடுக்க வேண்டும். இடுப்புக் குழியைக் கீழிருந்து தாங்க வேண்டும். மூன்றும் நடந்தால், பின்னால் இருந்து பார்க்கும்போது கழுத்திலிருந்து வால் எலும்பு வரை முதுகெலும்பு தரைக்குச் சமமாக நேராக இருக்கும்.

படுக்கை ரொம்பக் கடினமாக இருந்தால் தோளும் இடுப்பெலும்பும் இறங்காது. இடுப்புக் குழி தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். தோள் வலிக்க ஆரம்பித்ததும் தூக்கத்திலேயே பாதி குப்புறத் திரும்புவோம். மேல்கால் முன்னால் சரிந்து இடுப்பை முறுக்கும். கை மரத்துப் போய் எழுந்து உதறுகிறவர்கள் பலருக்குத் தோள் இப்படி நசுங்குவதும் ஒரு காரணம்.

படுக்கை ரொம்ப மெத்தென்று இருந்தால் வேறு தொல்லை. உடம்பிலேயே கனமான பகுதி இடுப்பு. அது மட்டும் ஆழமாகப் புதைந்து, முதுகெலும்பு தூளி மாதிரி வளைந்துவிடும். கயிறு தளர்ந்த கட்டிலிலும் இதுவே நடக்கும். மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர அந்தக் கட்டில் சுகம்தான். ராத்திரி முழுக்க அதில் ஒருக்களித்துக் கிடந்தால் ஒரு பக்கத் தசையும் தசைநாரும் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

கட்டாந்தரை நல்லதா?

முதுகுவலிக்குக் கடினமான படுக்கைதான் மருந்து என்பது நம்ம ஊர் நம்பிக்கை மட்டும் இல்லை, மேல்நாட்டு மருத்துவர்களும் நீண்ட காலம் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். ஸ்பெயின் நாட்டில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வெகுநாள் கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கடின மெத்தையும் இன்னொரு பிரிவுக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். எந்த மெத்தை யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. முடிவு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. படுக்கையில் கிடக்கும்போது இருக்கும் வலி, அன்றாட வேலைக்கு வரும் தடங்கல் இரண்டிலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே முன்னேற்றம் அதிகம்.

அந்த ஆய்வு ஒருக்களித்துப் படுப்பவர்களை மட்டும் வைத்துச் செய்ததில்லை. ஆனாலும் தோளும் இடுப்பும் இறங்க இடம் வேண்டும் என்ற கணக்கைப் பார்த்தால், ஒருக்களிப்பவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கட்டாந்தரையில் மல்லாந்து படுத்து நிம்மதியாக எழுகிறவர் தாராளமாக அப்படியே படுக்கட்டும். அவருக்குச் சரியான யோசனை ஒருக்களிப்பவருக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

நூல் பிடித்துப் பாருங்கள்

கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் பிடித்துப் பார்ப்பார் அல்லவா, அதே வேலைதான். வீட்டில் இன்னொருவர் துணை வேண்டும்.

வழக்கமாகப் படுக்கும் படுக்கையில், வழக்கமான தலையணையோடு ஒருக்களித்துப் படுங்கள். கால் மூட்டு லேசாக மடங்கியிருக்கட்டும். பின்கழுத்து எலும்பு, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ள எலும்பு, இடுப்புக்கு நேரான எலும்பு, வால் எலும்புக்குச் சற்று மேலே என்று நான்கு இடத்தில் துணைக்கு இருப்பவர் குங்குமப் பொட்டு வைக்கட்டும். பிறகு மேல் பொட்டிலிருந்து கீழ்ப் பொட்டு வரை ஒரு நூலை இழுத்துப் பிடிக்கட்டும். நடுப் பொட்டுகள் நூலின் மேலேயே இருந்தால் படுக்கை சரி. நடுப் பொட்டுகள் நூலுக்குக் கீழே, அதாவது படுக்கைப் பக்கமாக இறங்கியிருந்தால் உடம்பு புதைகிறது அல்லது இடுப்புக் குழிக்குத் தாங்கல் இல்லை என்று பொருள். கழுத்துப் பக்கம் மட்டும் கோணல் இருந்தால் குறை தலையணையில்.

புதைகிறதா, தாங்கல் இல்லையா என்பதைக் கையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உள்ளங்கையை இடுப்புக் குழிக்கும் மெத்தைக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் இடைவெளியும் மிச்சம் இருந்தால் படுக்கை கடினம். கையை நுழைக்கவே முடியாமல் திணறினால் படுக்கை ரொம்ப மெத்து. லேசாக உரசிக்கொண்டு போனால் உங்கள் உடம்புக்கு அதுதான் பதம்.

இந்தப் பதம் ஆளுக்கு ஆள் மாறும். 45 கிலோ உள்ளவர் படுத்தால் இறங்காத மெத்தை, 80 கிலோ உள்ளவர் படுத்தால் நன்றாகவே இறங்கும். ஒல்லியானவருக்குக் கொஞ்சம் மெத்தாகவும், கனமானவருக்குக் கொஞ்சம் இறுக்கமாகவும் வேண்டும். கணவன், மனைவி இருவருக்கும் எடை ரொம்ப வித்தியாசம் என்றால், பெரிய மெத்தை ஒன்றைவிட ஒற்றை மெத்தை இரண்டை ஒட்டிப் போடுவது நல்லது.

புதுசு வாங்குமுன்

காசு செலவழிக்குமுன் இருக்கிற படுக்கையைத் திருத்திப் பாருங்கள். பல வீடுகளில் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

படுக்கை கடினம் என்று தெரிந்தால், மேலே இரண்டங்குலக் கனத்தில் இலவம்பஞ்சு விரிப்பு ஒன்றோ, பழைய பருத்திப் புடவைகளை அடுக்கித் தைத்த மெத்தென்ற விரிப்பு ஒன்றோ போடுங்கள். ஒரு துண்டை நாலாக மடித்து இடுப்புக் குழிக்கு நேராக வைத்துப் படுங்கள். ரொம்பக் கனமாக மடித்தால் இடுப்பு மேலே தூக்கிக்கொள்ளும். கையால் பார்த்த சோதனையை வைத்தே மடிப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

படுக்கை மெத்து என்று தெரிந்தால், மெத்தையை ஒரு வாரம் தரையில் போட்டுப் படுத்துப் பாருங்கள். வலி குறைந்தால் குற்றம் கட்டிலில் இருக்கிறது. பலகையை மாற்றுங்கள், கயிற்றுக் கட்டில் என்றால் கால்மாட்டில் இழுத்துக் கட்டுங்கள். தரையிலும் வலி குறையவில்லை என்றால், மெத்தைக்குக் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்து நடுப்பள்ளத்தை ஸ்கேலில் அளந்து பாருங்கள். ஆள் படுக்காதபோதே ஒன்றரை அங்குலத்துக்குமேல் பள்ளம் இருந்தால் அந்த மெத்தையின் காலம் முடிந்தது.

இன்னொன்று, ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு சின்னத் தலையணை வையுங்கள். மேல்கால் சரியாமல் நிற்கும், இடுப்பு முறுக்காது. தலையணை இல்லையென்றால் பழைய புடவையைச் சுருட்டி வைத்தாலும் போதும். நாலு நாளில் வித்தியாசம் தெரிகிறவர்கள் உண்டு.

எந்தப் பொருள் எப்படி?

இலவம்பஞ்சு: இழை ஒவ்வொன்றும் உள்ளே கூடான குழாய். மேலே இயற்கையாகவே மெழுகுப் பூச்சு. அதனால்தான் லேசாக இருக்கிறது, தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மாலுமிகளின் மிதவை அங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். உடம்பு வெப்பத்தைத் தேக்காததால் நம்ம சித்திரை வெயிலுக்கு ஏற்றது. அளவாக அடைத்தால் தோளுக்கு இடம் கொடுக்கும். குறை என்னவென்றால், நாளாக ஆக அமுங்கிப் போகும். வெயில் காட்டி, தட்டி, உதறிப் பராமரிக்க வேண்டும்.

பருத்திப் பஞ்சு: இலவம்பஞ்சைவிடக் கனம், இறுக்கமான தாங்கல். வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் கட்டி கட்டியாகத் திரளும். வருசத்துக்கு ஒருமுறையாவது பிரித்து அடிக்க வேண்டியிருக்கும். ஒருக்களிப்பவருக்கு அடி அடுக்காக வைத்துக்கொள்ளலாம்.

தென்னை நார்: சுருட்டிய நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய பலகை போல வரும். பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகள் நிறைய. காற்றோட்டம் உண்டு, தாங்கலும் உண்டு. தனியாகப் படுத்தால் ஒருக்களிப்பவரின் தோளுக்குக் கடினம். அடியில் நார், மேலே மெத்தென்ற அடுக்கு என்றால் நல்ல ஜோடி.

ரப்பர் பால் நுரை: லேடெக்ஸ் என்று விற்பார்கள். ரப்பர் மரப்பாலில் செய்தது. தோள் இறங்கவும் இடம் தரும், உடனே எழும்பித் தாங்கவும் செய்யும். ஒருக்களிப்பவருக்கு மிகவும் ஏற்றது. விலைதான் கூடுதல், எடையும் கூடுதல். முழுக்க மரப்பாலா, செயற்கை ரப்பர் கலந்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

பெட்ரோலிய நுரை: கடைகளில் ஃபோம் என்று இருப்பதில் பெரும்பகுதி இதுதான். இதில் அடர்த்தி என்ற எண் முக்கியம். ஒரு கனமீட்டர் நுரை எத்தனை கிலோ என்பதே அந்த எண். அடர்த்தி குறைந்த நுரை கடையில் படுத்துப் பார்க்கும்போது சுகமாக இருக்கும், சீக்கிரமே நடுவில் பள்ளம் விழும். அடர்த்தி வேறு, கடினம் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். உடம்பு வடிவத்துக்குக் குழிகிற மெமரி ஃபோம் வெப்பத்தைப் பிடித்து வைக்கும், மின்விசிறி நின்றால் வேர்த்துப் போகும்.

வைக்கோல்: பனிக்காலத்தில் பாய்க்கு அடியில் பரப்பலாம். ஆனால் சீக்கிரம் நொறுங்கித் தூசியாகும், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு உள்ளவர்கள் கிட்டேயே போக வேண்டாம்.

'ஆர்த்தோ' என்பது எந்தப் பொருளின் பெயரும் இல்லை, விற்பனைச் சொல். அந்த எழுத்து மேலே இருப்பதாலேயே மெத்தை உங்கள் முதுகுக்குப் பொருந்திவிடாது. கடையில் வெட்கப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகப் படுக்கிற பக்கமாகப் பத்துப் பதினைந்து நிமிசம் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். கையை நுழைத்துப் பாருங்கள். "பரவால்ல, உக்காந்து பாத்தாலே தெரியும்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். உட்கார்ந்து பார்த்தால் உட்காருவதற்குச் சரியா என்றுதான் தெரியும்.

இலவம்பஞ்சு மெத்தையை அளவு சொல்லித் தைப்பது

கடையில் தைத்து வைத்ததைவிட, நம் கண்முன் அடைத்துத் தைப்பது நல்லது. மெத்தை தைப்பவரிடம் இந்த விவரங்களைச் சொல்லுங்கள்.

முதலில் எடை. மூன்றடிக்கு ஆறடி ஒற்றை மெத்தைக்குப் பொதுவாக 8 முதல் 12 கிலோ வரை பஞ்சு அடைப்பார்கள். "எத்தனை அங்குலக் கனம்" என்று மட்டும் கேட்டால் ஏமாறுவோம், 6 கிலோவைப் பொசுபொசுவென்று உதறி அடைத்தாலும் அதே கனம் தெரியும். தராசில் நிறுத்து அடைக்கச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்கிற ஒல்லியான ஆளுக்கு 8, 9 கிலோ; கனமான ஆளுக்கு 11, 12 கிலோ என்று தொடங்கலாம். முதல் சில வாரங்களில் பஞ்சு அமுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்து அறை. ஒரே பையாகத் தைத்து அடைத்தால், பஞ்சு இடுப்புக்கு அடியிலிருந்து விலகி ஓரத்துக்கு ஓடிவிடும். மெத்தையைக் குறுக்கு வாட்டில் ஐந்து அறையாகப் பிரித்துத் தைக்கச் சொல்லுங்கள். அளவெடுக்க, ஒரு பழைய பெட்ஷீட்டில் ஒருக்களித்துப் படுத்து தலை, தோள், இடுப்புக் குழி, இடுப்பெலும்பு, கால் எங்கெங்கே வருகிறது என்று சாக்பீசால் கோடு போடச் செய்யுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இடுப்புக் குழி அறை எட்டு முதல் பத்து அங்குல அகலத்தில் வரும். அந்த அறையை மட்டும் கொஞ்சம் இறுக்கமாக அடைக்க வேண்டும். தோள் அறையையும் இடுப்பெலும்பு அறையையும் கொஞ்சம் தளர்வாக அடைக்க வேண்டும். விலை உயர்ந்த மெத்தைகளில் 'ஏழு மண்டலம்' என்று விளம்பரம் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

மூன்றாவது துணி. இலவம்பஞ்சு இழை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதனால் நெருக்கமாக நெய்த கனமான காடாத் துணியில் உள் உறை. மேலே கழற்றித் துவைக்கிற மாதிரி பருத்தியில் வெளி உறை.

நான்காவது அடித்தளம். சிமெண்டுத் தரையில் நேரே போட்டால் அடியில் ஈரம் ஏறும். பலகைக் கட்டிலில் போடுங்கள். இல்லையென்றால் கோரைப்பாய் விரித்து அதன்மேல் போட்டு, காலையில் சுருட்டிவிடுங்கள். இரண்டங்குல நார்ப்பலகை கிடைத்தால் அடியில் போட்டு மேலே மூன்று நான்கு அங்குல இலவம்பஞ்சு என்பது ஒருக்களிப்பவருக்கு நல்ல சேர்க்கை.

அடைக்கும்போது பஞ்சுத் தூசி பறக்கும். தைப்பவரும் பக்கத்தில் நிற்பவரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

கலப்படம் கண்டுபிடிக்க

இலவம்பஞ்சில் ஆலைக் கழிவுப் பஞ்சும் பாலியஸ்டர் இழையும் கலந்து விற்பது உண்டு. நல்ல இலவம்பஞ்சு வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையாக, பட்டுப்போலப் பளபளப்பாக இருக்கும். கண்ணைப் பறிக்கும் வெள்ளை என்றால் சந்தேகப்படுங்கள். ஒரு சிட்டிகை எடுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் போடுங்கள். இலவம்பஞ்சு வெகுநேரம் மிதக்கும். வெளுத்த கழிவுப் பஞ்சு நனைந்து அமிழும்.

இன்னொரு சிட்டிகையைத் திறந்த வெளியில், பஞ்சு மூட்டைக்குத் தள்ளி வைத்துக் கொளுத்திப் பாருங்கள். இலவம்பஞ்சு காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, மணி மாதிரி கெட்டியாகி, பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். கொட்டை நீக்கின பஞ்சுதானா என்று கைவிட்டும் பாருங்கள். கொட்டை இருந்தால் எடையும் ஏறும், எலியும் வரும்.

தலையணைக்கும் அளவு உண்டு

மெத்தை சரியாக இருந்தும் தலையணை தவறினால் கழுத்து வளையும். ஒருக்களிப்பவருக்கு மல்லாந்து படுப்பவரைவிட உயரமான தலையணை வேண்டும். சுவரில் தோள் இடிக்கிற மாதிரி பக்கவாட்டில் நேராக நில்லுங்கள். சுவருக்கும் காதுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். படுத்ததும் தோள் மெத்தையில் எவ்வளவு இறங்குகிறதோ அதைக் கழித்தால் மிச்சம்தான் தலையணையின் உயரம். தலை வைத்து அமுங்கின பிறகு இருக்கிற உயரம் அது. தோளைத் தலையணைமேல் ஏற்றாதீர்கள். தலையும் கழுத்தும் மட்டும் அதில் இருக்கட்டும்.

தோள்வலி உள்ளவர் வலிக்கிற தோளை மேலே வைத்துப் படுத்து, ஒரு தலையணையைக் கட்டிக்கொள்ளலாம். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு இடது பக்கம் நல்லது. கடைசி மூன்று மாதக் கர்ப்பிணிகள் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு முழங்கால் நடுவிலும் வயிற்றுக்குக் கீழும் சின்னத் தாங்கல் வைத்தால் இடுப்புக்கு இதமாக இருக்கும்.

எழுந்திருக்கும்போது மல்லாந்தபடியே வெடுக்கென்று நிமிராதீர்கள். ஒருக்களித்தபடியே இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழுங்கள்.

வெயிலும் தட்டலும்

இலவம்பஞ்சு மெத்தையை மாதம் ஒருமுறை காலை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் காயவிடுங்கள். பிரம்பால் லேசாகத் தட்டினால் போதும். ஓங்கி அடித்தால் இழை நொறுங்கித் தூசியாகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேல்பக்கம் கீழாகப் புரட்டுங்கள். ஐந்து அறை வைத்துத் தைத்த மெத்தை என்றால் தலைமாடு கால்மாடு மாற்றக் கூடாது, இடுப்புக் குழி அறை இடம் மாறிவிடும். எந்தப் பக்கம் தலைமாடு என்று ஒரு மூலையில் வண்ண நூலால் அடையாளம் தைத்துக்கொள்ளுங்கள். பஞ்சை நனைத்துத் துவைக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இலவம்பஞ்சு மிகச் சுலபமாகத் தீப்பிடிக்கும். கொசுவர்த்தி, பீடி, மண்ணெண்ணெய் விளக்கு எதுவும் மெத்தைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

மெத்தையால் தீராத வலி

மெத்தை ஒரு துணைதான், மருந்து ஆகாது. காலையில் வலித்து, எழுந்து நடமாடக் குறைகிறது, வேறு இடத்தில் படுத்தால் வலி வருவதில்லை என்றால் படுக்கையைச் சந்தேகிக்கலாம். 40 வயதுக்குள் இருப்பவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் தினமும் காலையில் அரைமணி நேரத்துக்கும் கூடுதலாக முதுகு விறைப்பு இருந்தால் மூட்டுவாத நோயாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மரத்திலிருந்தோ பரணிலிருந்தோ விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணம் இல்லாமல் உடம்பு மெலிவது, எப்படிப் படுத்தாலும் ராத்திரி குறையாத வலி என்றால் தள்ளிப் போடாதீர்கள். காலில் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கு மரத்துப் போவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றபடி சாதாரண முதுகுவலிக்கு நாள்கணக்கில் படுத்தே கிடப்பது நல்லதில்லை. முடிந்த அளவு நடமாடுவதுதான் நல்லது.

வரப்பில் ஓர் இலவு

இலவம்பஞ்சு என்றதும் போடியும் வருசநாட்டுப் பக்கமும் ஞாபகம் வரும். தேனி மாவட்டத்து மலையடிவாரத் தோட்டங்களில் காய்த்து, போடியில் கொட்டை நீக்கி, நாடு முழுக்க மெத்தைக்கும் தலையணைக்கும் போகிறது. ஒவ்வொரு வீட்டிலும் நுரை மெத்தை நுழையும்போது அந்த மரத்துக்காரரின் விலை இறங்குகிறது, ஊருக்கு ஊர் இருந்த பஞ்சு அடிப்பவர், மெத்தை தைப்பவரின் வேலையும் போகிறது. நாம் செய்துகொள்ளும் ஒரு மெத்தையில் மரம் வளர்த்தவர், கொட்டை நீக்கிய பெண்கள், தைத்தவர் என்று பல கைகளுக்குக் கூலி போய்ச் சேருகிறது. அமுங்கிப் போன நுரை மெத்தை குப்பைமேட்டில் மட்காமல் கிடக்கும். அமுங்கிப் போன பஞ்சைப் பிரித்து உதறித் திரும்ப அடைக்கலாம், அதற்கும் ஆகாதது மண்ணுக்கு மட்காகப் போகும்.

மானாவாரி வேலி ஓரத்தில் இலவு நன்றாக வரும். ராத்திரியில் பூத்து வௌவாலுக்கும் தேனீக்கும் உணவாகும். காய் வெடிக்குமுன் பறித்தால்தான் பஞ்சு நமக்கு, இல்லையென்றால் காற்றுக்கு. பழுக்கும் என்று காத்திருந்த கிளியின் கதை நமக்குத் தெரியும். உயரமான முள்மரம், அதனால் தகுந்த ஆளில்லாமல் ஏறக் கூடாது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. வீட்டில் முதுகுவலி உள்ளவர் ஒருவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி நூல் பிடித்துப் பாருங்கள்.

2. உள்ளங்கையை இடுப்புக் குழியில் நுழைத்துப் படுக்கை கடினமா, மெத்தா என்று முடிவு செய்யுங்கள்.

3. துண்டு மடிப்பு, முழங்கால் நடுவில் தலையணை, தலையணை உயரம் மூன்றையும் சரிசெய்து மூன்று வாரம் பாருங்கள். தினமும் காலை வலி எவ்வளவு என்று பத்துக்கு இத்தனை என நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

4. மூன்று வாரத்தில் எண் இறங்கவில்லை என்றால் மட்டும் புது மெத்தையை யோசியுங்கள். உங்கள் வட்டாரத்தில் மெத்தை தைப்பவர் யார், இலவம்பஞ்சு எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, அடுத்த வட்டாரக் கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பத்து வீடு சேர்ந்தால் மூட்டையாகப் பஞ்சு வாங்கலாம், விலையும் குறையும், தைப்பவருக்கும் ஒரு மாத வேலை கிடைக்கும்.